சேர்த்த மாத்திரையும் நிறுத்திய மாத்திரையும்: மார்பக அறுவைக்குப் பின் கை வீக்கம், தாராவியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி

அவருக்கு அப்போது 49 வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, கல்யாணமாகி மும்பை தாராவிக்கு வந்து 28 வருடம் ஆகியிருந்தது. வீட்டிலேயே இட்லி அவித்து விற்கும் குடும்பம். இரவு 2 மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் 6 மணிக்குள் ஈடு ஈடாக இறக்கி முடிக்க வேண்டும். கணவர் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கொப்பரையை இறக்குவது, மாவைக் கலக்குவது, தேங்காய் துருவுவது, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடம் தூக்குவது எல்லாமே வலது கைதான். கட்டி வந்ததும் வலது மார்பில்.

2022 ஜூன் மாதம் அறுவை சிகிச்சை. மார்பகத்தோடு அக்குளில் 17 நிணநீர்க் கணுக்களை (திசுக்களில் கசியும் நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்தார்கள். அவற்றில் 5-இல் நோய் இருந்தது. ஹார்மோன் ஏற்பிகள் உள்ள வகைக் கட்டி. உயரம் 152 செ.மீ., எடை 74 கிலோ, அதாவது உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. 32. சர்க்கரை நோய் இல்லை. நான்கு வருடமாக பிரஷர் இருந்தது. அதற்கு அம்லோடிபின் 5 மி.கி. தினம் ஒன்று.

நான் நிணநீர் வடியாமல் தேங்கி வரும் வீக்கத்துக்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட். அறுவைக்கு முந்தைய நாள் இரண்டு கைகளையும் அளந்து வைப்பது எங்கள் பிரிவில் வழக்கம். அளவு நாடாவை நான் எடுத்ததுமே அவர் கேட்டார்: "டாக்டரம்மா, எங்க ஊருப் பக்கம் யானைக்கால் வந்தவங்களப் பாத்துருக்கேன். எனக்குக் கை அப்பிடி ஆயிருமோ? ஆவாம இருக்கதுக்கு ஏதாவது மாத்திரை இருந்தா இப்பமே குடுத்துருங்க." இந்த ஆய்வு முழுவதும் அந்தக் கேள்வியின் பின்னால்தான் போகிறது. அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

அன்று சொன்ன பதில்

யானைக்கால் நோயில் நுண்புழு நிணநீர்க் குழாய்களைக் கெடுக்கிறது. இங்கே புழு எதுவும் இல்லை. அக்குளில் இருக்கும் வடிகாலை நாமே, புற்றுநோய்க்காக, வெட்டி எடுக்கிறோம். அதனால் யானைக்காலுக்குத் தரும் டைஎத்தில்கார்பமசின் இதற்கு உதவாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரர் அதை வாங்கிச் சாப்பிடச் சொல்லியிருந்தார்.

அக்குள் கணுக்களை முழுதாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. காவல் கணு எனப்படும் ஓரிரண்டை மட்டும் எடுத்துப் பரிசோதிப்பவர்களில் அது சுமார் 5.6 சதவீதம்தான். 2013-இல் லான்செட் ஆன்காலஜி இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியான கணக்கு இது. பருமன், கழுத்தெலும்புப் பகுதிக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பது, கையில் கிருமித் தொற்று ஆகிய மூன்றும் ஆபத்தைக் கூட்டும். இவருக்கு முதல் இரண்டும் உறுதி. மூன்றாவது, அடுப்படியிலேயே வாழும் ஒருவருக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

மாத்திரை விஷயத்தில் நான் சொன்னது: "இப்போதைக்கு வீக்கத்தை வரவிடாமல் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை அக்கா. அளந்து பார்த்துக்கொண்டே இருப்போம். கொஞ்சம் கூடினாலும் உடனே பிடித்துவிடலாம்." அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. மருந்துச் சீட்டு இல்லாமல் ஆஸ்பத்திரியை விட்டுப் போவது நம்மவர்களுக்குப் பாதி வைத்தியம் பார்த்த மாதிரி. இந்த ஏமாற்றத்தை நான் அன்று லேசாக எடுத்துக்கொண்டேன். அது தவறு என்று பிறகு தெரிந்தது.

அளவு எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டிலிருந்து 4 செ.மீ.க்கு ஒரு சுற்றளவு எடுத்து, கையின் கன அளவைக் கணக்கிடுவோம். வலது கைக்காரர்களுக்கு வலது கை கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். அதனால் இரு கைகளின் விகிதம் ஆரம்ப விகிதத்திலிருந்து எவ்வளவு மாறியது என்று பார்க்க வேண்டும். இவருக்கு அறுவைக்கு முன் வலது 2310 மி.லி., இடது 2255 மி.லி. இந்த ஆரம்ப அளவு கையில் இல்லையென்றால், பின்னால் சொல்லப்போகும் எதையும் சொல்லியிருக்கவே முடியாது.

நிறுத்திய மாத்திரை

செப்டம்பர் முதல் வாரத்தில் வந்தபோது மாற்றம் 0.6 சதவீதம். கவலைப்பட ஒன்றுமில்லை. தோள் நன்றாக உயர்ந்தது, தழும்பு ஆறியிருந்தது. நான்கு கீமோவும் முடிந்திருந்தன. அடுத்து டோசிடாக்செல் என்ற மருந்து நான்கு முறை தர வேண்டும். அதற்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. 148 என்று வந்தது. சாதாரணமாக 40-க்குள் இருக்க வேண்டும். டோசிடாக்செல்லை உடலிலிருந்து அகற்றுவது ஈரல்தான். ஈரல் சரியில்லாதபோது அதைத் தருவது ஆபத்து. எனவே கீமோவைத் தள்ளிவைத்தார்கள். மஞ்சள் காமாலைப் பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை.

புற்றுநோய் டாக்டர் கேட்டபோது அவர் வேறு மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்றே சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்தது. வீட்டிலிருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த நாள் கொண்டுவரச் சொன்னேன். பையில் மூன்று புதிய அட்டைகள் இருந்தன. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் ஆகஸ்டில் எழுதிக்கொடுத்தவை. கை வீங்காமல் இருக்கவாம்: கூமரின், ட்ரிப்சின்-கைமோட்ரிப்சின் என்ற நொதிக் கலவை, ஒரு வைட்டமின். "நீங்க மாத்திரை இல்லன்னு சொல்லிட்டீக. அவரு இருக்குன்னாரு" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். மறைக்க நினைத்து மறைக்கவில்லை. கை வீக்கத்துக்கான மாத்திரையை கீமோ டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கூமரின் என்றவுடன் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேதியியலில் உறவு, வேலை வேறு. தேங்கிய புரதத்தை மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்கள் தின்று கரைக்க கூமரின் தூண்டும், அதனால் வீக்கம் குறையும் என்பது கருத்து. 1993-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று நல்ல பலன் என்றது. அதே இதழில் 1999-இல் வந்த பெரிய ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது: மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கை வீங்கிய 140 பெண்களுக்கு 200 மி.கி. தினம் இரண்டு வேளை என்று ஆறு மாதம் தந்தும் கை அளவில் பொய்மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. 6 சதவீதம் பேருக்கு ஈரல் பாதிப்பு. ஆஸ்திரேலியா அந்த மருந்தை 1996-இலேயே விலக்கிக்கொண்டது. நம் ஊர்ச் சீட்டுகளில் நான் இன்னும் பார்க்கிறேன். இவ்வளவும் வீங்கிய கைக்குக் கொடுத்த கதை. வீங்காத கைக்கு, அதுவும் கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது கொடுப்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை.

மூன்றையும் நிறுத்தினோம். இரண்டு வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. 51-க்கு இறங்கியது, டோசிடாக்செல் தொடங்கியது. கூமரின்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, கீமோ மருந்துகளும் ஈரலைத் தொடக்கூடியவை. ஆனால் அதே பெண் கீமோவைத் தொடர்ந்தபோது நொதி மறுபடி ஏறவில்லை. பதினான்கு நாள் தாமதம் பெரிதல்ல என்று யாராவது சொல்லலாம். அந்தப் பதினான்கு நாளும் அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மாற்றிய மாத்திரை

டிசம்பரில் வலது 2475, இடது 2370. இரண்டு கையுமே கூடியிருந்தன. டோசிடாக்செல் உடலெங்கும் நீரைத் தேக்கும் மருந்து. அந்த நேரத்தில் ஒரு கையை மட்டும் அளந்திருந்தால் நிணநீர் வீக்கம் என்று தவறாக எழுதியிருப்பேன். விகிதத்தில் மாற்றம் 1.9 சதவீதம்தான். ஜனவரியில் மார்புக்கும் கழுத்தெலும்புப் பகுதிக்கும் 15 நாள் கரண்ட் வைத்தார்கள். தோல் கறுத்து உரிந்தது, ஆறியது.

2023 மார்ச்சில் கதை மாறியது. வலது 2460, இடது 2280. மாற்றம் 5.3 சதவீதம். கண்ணால் பார்த்தால் தெரியாது. அவரிடம் கேட்டால் தெரிந்தது: "வளையல் இறங்க மாட்டேங்கு. சாயந்தரம் கை கனமாக் கெடக்கு." நோயாளி சொல்லும் இந்தக் கனத்தை எந்த நாடாவும் முதலில் பிடிக்காது. 5 சதவீதம் தாண்டினால் காத்திருக்காமல் கையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லீவ் உறையைப் போட வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. ஆரம்பக் கட்டத்திலேயே கண்டுபிடித்து அழுத்த ஸ்லீவ் போட்டால் பலருக்கு அடுத்த கட்டத்துக்குப் போகாமல் நிறுத்த முடிகிறது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி ஆரம்பத்திலேயே பிடித்து ஸ்லீவ் போட்டவர்களில், மின்னோட்டக் கருவியால் கை நீரை அளந்து கண்காணித்த குழுவில் 7.9 சதவீதம் பேருக்குத்தான் வீக்கம் முற்றியது; நாடாவால் அளந்த குழுவில் 19.2 சதவீதம். எங்களிடம் அந்தக் கருவி இல்லை. நாடாதான்.

அன்று செருப்பைக் கழற்றியபோது கவனித்தேன்: இரண்டு கணுக்காலிலும் செருப்பு வாரின் அச்சு. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. டோசிடாக்செல் முடிந்து மூன்று மாதம் ஆகியும் ஏன்? மறுபடி மாத்திரைப் பையைக் கேட்டேன். அம்லோடிபின் 5 மி.கி.க்குப் பதிலாக 10 மி.கி. அட்டை. கீமோவோடு தரும் ஸ்டீராய்டால் பிரஷர் ஏறியபோது யாரோ கூட்டியிருக்கிறார்கள். ஸ்டீராய்டு நின்ற பிறகு யாரும் குறைக்கவில்லை.

அம்லோடிபின் கால் வீக்கம் தரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கையோடு அதற்கு என்ன தொடர்பு என்பது பரவலாகத் தெரியாதது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நிணநீரை மேலே தள்ள இதயம் மாதிரி தனி பம்பு கிடையாது. நிணநீர்க் குழாயின் சுவரிலேயே மெல்லிய தசை இருக்கிறது. அது நிமிடத்துக்குச் சில முறை தானாகச் சுருங்கி, வால்வுக்கு வால்வு நீரை ஏற்றிவிடுகிறது. அந்தச் சுருக்கத்துக்குச் செல்லுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். அம்லோடிபின் கால்சியத்தின் வாசலை அடைக்கும் மருந்து. ரத்தக் குழாய் தளர்ந்தால் பிரஷர் குறையும், நல்லது. அதே நேரத்தில் நிணநீர்க் குழாயின் பம்பும் மெதுவாகலாம். கணுக்கள் இல்லாத கையில் மிச்சமிருக்கும் சில குழாய்கள்தான் முழுச் சுமையையும் தூக்குகின்றன. அவற்றின் வேகத்தையும் குறைத்தால்? அமெரிக்க மார்பகப் புற்றுநோயாளிகளின் மருந்துப் பதிவுகளை வைத்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த வகை பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நிணநீர் வீக்கம் ஓரளவு கூடுதலாக வந்திருந்தது. பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுதான், காரணத்தை நிரூபிக்காது. ஆனால் மாற்றுவதற்கு நல்ல மருந்துகள் இருக்கும்போது, நிரூபணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

பிரஷர் மாத்திரையில் கை வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. பொது மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். அவர் அதே வாரம் டெல்மிசார்டன் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். பிரஷர் கட்டுக்குள் நின்றது. இரண்டு வாரத்தில் கணுக்கால் குழி மறைந்தது. கைக்கு எவ்வளவு உதவியது என்று தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் மே மாதம் வந்துவிட்டது.

ஸ்லீவ், மே மாத வெயில், ஒரு சூடு

மும்பையின் ஏப்ரல் மே புழுக்கத்தில் முழுக்கை அழுத்த ஸ்லீவ் போட்டுக்கொள்ளச் சொல்வது சுலபம். தகரக்கூரை வீட்டில், கொப்பரை ஆவிக்கு முன்னால் அதைப் போட்டு நிற்பது வேறு. முதல் ஸ்லீவ் வியர்வையில் நனைந்து தோலை அரித்தது. மாற்றுக்கு இன்னொன்று வாங்க வசதியில்லை. ஒன்றின் விலையே அவர்களுக்குப் பல நாள் வருமானம். சாயங்காலம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் முழு நாளும் போடுவதாகச் சொன்னார். ஸ்லீவின் முழங்கை மடிப்பு புதிது போலவே இருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். திட்டவில்லை. நேரத்தை மாற்றினோம்: இட்லி வேலை முடிந்து குளித்த பிறகு காலை 8 மணியிலிருந்து இரவு 8 வரை. அவித்து இறக்கும் வேலையைத் தங்கச்சி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

மே நடுவில் தங்கச்சி ஊருக்குப் போயிருந்தார். மூடியைத் திறந்தபோது ஆவி அடித்து மணிக்கட்டில் கொப்புளம். பற்பசை தடவிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். மூன்றாம் நாள் இரவு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. காய்ச்சல் 102 டிகிரி. கை முழங்கை வரை சிவந்து, தொட்டால் நெருப்பு. பக்கத்துக் கிளினிக்கில், நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி ஃபியூரோசமைடு என்ற நீர் பிரியும் மாத்திரையும் காய்ச்சல் மாத்திரையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் தரவில்லை. காலையில் எங்களிடம் வந்தபோது சிவப்பு தோளைத் தொட்டிருந்தது.

இது செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கடியில் பரவும் கிருமித் தொற்று. பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. கணுக்கள் இல்லாத கையில் காவல்காரர் இல்லை. சின்னக் கொப்புளம் போதும். ஒவ்வொரு தாக்குதலும் மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்களில் சிலவற்றைக் கருக்கிவிட்டுப் போகிறது. அதனால் வீக்கம் கூடுகிறது, வீங்கிய கையில் அடுத்த தொற்று இன்னும் சுலபமாக வருகிறது. உள்நோயாளியாகச் சேர்த்து நரம்பு வழியாக செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் மாத்திரைக்கு மாற்றி மொத்தம் 14 நாள். ஸ்லீவ், கட்டு, மசாஜ் எதுவும் அந்த நாட்களில் இல்லை. காய்ச்சலும் சிவப்பும் அடங்கும் வரை கையை உயர்த்தி வைப்பது மட்டும்.

ஃபியூரோசமைடை ஏன் நிறுத்தினோம் என்றும் சொல்ல வேண்டும். நீர் பிரியும் மாத்திரை ரத்தத்திலிருக்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும். நிணநீர் வீக்கத்தில் திசுக்களுக்குள் தேங்கியிருப்பது புரதம் கலந்த நீர். மாத்திரை நீரில் கொஞ்சத்தை இழுக்கும், புரதம் அங்கேயே கிடக்கும், அது மறுபடி நீரை இழுத்துக்கொள்ளும். இதயமோ சிறுநீரகமோ கெட்டு வரும் வீக்கத்துக்கு அது நல்ல மருந்து. இந்தக் கைக்கு அல்ல. காய்ச்சலில் ஏற்கெனவே வறண்டிருந்த உடம்பை மேலும் வறட்டியதுதான் மிச்சம்.

மே கடைசியில் அளந்தேன்: வலது 2590, இடது 2290. மாற்றம் 10.4 சதவீதம். இப்போது யார் பார்த்தாலும் தெரியும் வீக்கம். அன்று அவர் அழுதார். எனக்கும் பேச்சு வரவில்லை.

வீட்டில் வைத்த மருந்து

ஜூனில் மூன்று வாரம் தினமும் வந்தார். சயன் வரை பஸ்ஸில், பிறகு நடந்து, மழையில். நிணநீரை நல்ல பாதைக்குத் திருப்பிவிடும் மெல்லிய கை மசாஜ், பஞ்சும் பல அடுக்குக் கட்டும், கட்டோடு உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு. இதில் எந்த மாத்திரையும் இல்லை. ஜூலை முதல் வாரம் வலது 2425, இடது 2275, மாற்றம் 4.1 சதவீதம். அப்போதே புதிய அளவெடுத்து இரண்டு ஸ்லீவ் வாங்கினோம். ஒன்று துவைத்துக் காயும்போது மற்றொன்று. செலவில் ஒரு பகுதிக்கு ஆஸ்பத்திரியின் உதவி நிதி கிடைத்தது.

தொற்று மறுபடி வராமலிருக்க தினமும் பெனிசிலின் தரலாமா என்று யோசித்தோம். கால் செல்லுலைட்டிஸ் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு ஒரு வருடம் பெனிசிலின் வி 250 மி.கி. தினம் இரண்டு வேளை கொடுத்த பிரிட்டிஷ் ஆய்வு 2013-இல் வெளியானது: மருந்து சாப்பிட்ட காலத்தில் மறுதாக்குதல் 37 சதவீதத்திலிருந்து 22-ஆகக் குறைந்தது, நிறுத்திய பிறகு அந்தப் பாதுகாப்பு மங்கிவிட்டது. வாதக் காய்ச்சல் பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்ஸதீன் பெனிசிலின் ஊசியையும் சிலருக்கு இதற்காகப் போடுவதுண்டு. ஆனால் இவருக்கு வந்தது ஒரே தாக்குதல். ஒரு வருடத்தில் இரண்டு வந்தால் யோசிப்போம் என்று முடிவானது. அதற்குப் பதில், டாக்டர் அமாக்சிசிலின் 500 மி.கி. அட்டை ஒன்றை எழுதிக்கொடுத்தார். குளிரும் சிவப்பும் சேர்ந்து வந்தால் அந்த நிமிடமே ஒன்று போட்டுக்கொண்டு, விடிந்ததும் வந்துவிட வேண்டும். பெனிசிலின் அலர்ஜி இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் இது. அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார், பிள்ளைகள் எடுக்காமலிருக்க.

நவம்பரில் தேங்காய் துருவும்போது பெருவிரலில் கீறல். அடுத்த நாள் இரவு 9 மணிக்குக் குளிர் தொடங்கியது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மகனை எழுப்பியிருக்கிறார். காலையில் எங்களிடம் வந்தபோது சிவப்பு மணிக்கட்டைத் தாண்டவில்லை. சேர்க்க வேண்டியிருக்கவில்லை. டிசம்பர் அளவு: 2400, 2270. மாற்றம் 3.2 சதவீதம். முதல் தாக்குதலில் கை அவ்வளவு வீங்கியதையும் இரண்டாவதில் வீங்காததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நடுவிலிருக்கும் வித்தியாசத்தில் பெரும் பங்கு அந்த ஒரு அட்டைக்கும் அவர் காத்திருக்காததற்கும் என்று நம்புகிறேன்.

மகன் கொண்டுவந்த செய்தி

இதற்கு நடுவில், 2023 ஜூலையில், மகன் போனில் ஒரு செய்தியைக் காட்டினான். "அமெரிக்காவுல மாத்திரை கண்டுபிடிச்சிட்டாங்களே அக்கா, அம்மாவுக்கு ஏன் தரல?" நியாயமான கேள்வி. அவனோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன்.

கடந்த பதினைந்து வருடத்தில் மாறிய விஷயம் இது: நிணநீர் வீக்கம் வெறும் அடைபட்ட குழாய் அல்ல என்பது தெரிந்திருக்கிறது. நீர் தேங்கியதும் சிடி4 வகை டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே குவிகின்றன. அவை கக்கும் பொருட்கள் தோலுக்கடியில் நார்த்திசுவை வளர்க்கின்றன. அந்த நார் குழாய்களை இறுக்குகிறது, புதுக் குழாய் முளைக்கவும் விடுவதில்லை. அறுவை முடிந்து மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கழித்து வீக்கம் வருவது ஏன் என்பதற்கு இதுவே நல்ல விளக்கம். அழற்சியைத் தடுத்தால் வீக்கத்தைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் பிறக்கிறது.

அவன் காட்டியது கீட்டோபுரோஃபென் என்ற வலி மாத்திரை. ஸ்டான்ஃபோர்டில் 2018-இல் வெளியான ஆய்வில் 75 மி.கி. தினம் மூன்று வேளை என்று நான்கு மாதம் கொடுத்தார்கள். தோலின் தடிப்பு குறைந்தது, நுண்ணோக்கியில் திசு மேம்பட்டது. கையின் கன அளவு குறையவில்லை. அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வீங்கியவர்கள். பிரஷர் உள்ள ஒருவருக்கு மாதக்கணக்கில் தந்தால் வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றையும் பணயம் வைக்க வேண்டும். அந்த மாத்திரை லூக்கோட்ரையின் பி4 என்ற அழற்சிப் பொருளைக் குறைப்பதால்தான் வேலை செய்கிறது என்று 2017-இல் எலிகளின் வாலில் வீக்கத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். அதையே நேராகக் குறிவைத்த உபெனிமெக்ஸ் என்ற மருந்து கால் வீங்கிய மனிதர்களில் சோதிக்கப்பட்டு 2018-இல் தோற்றது. எலி வாலில் ஜெயித்தது பெண்ணின் காலில் ஜெயிக்கும் என்று எண்ண முடியாது என்பதை அவன் அங்கேதான் புரிந்துகொண்டான்.

எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது டாக்ரோலிமஸ் களிம்பு. வெண்புள்ளிக்கும் கரப்பானுக்கும் தோல் டாக்டர்கள் எழுதும் அதே களிம்பு. எலிகளில் வீக்கம் வருமுன் பூசினால் தடுத்தது, வந்த பிறகு பூசினால் குறைத்தது. டென்மார்க்கில் கை வீங்கிய 20 பெண்களுக்குப் பூசியதில் கை அளவு குறைந்தது. ஆனால் அதில் ஒப்பிட மறுதரப்பு இல்லை, எல்லோருக்கும் களிம்புதான். "மெடிக்கல்ல கிடைக்குதே, வாங்கிப் பூசலாமா?" என்றான். வேண்டாம் என்றேன். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து அது. அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து சில மாதம்தான், அந்தக் கையில் இப்போதுதான் ஒரு தொற்று வந்து போயிருக்கிறது. சரியான ஆய்வு ஒன்றில் கண்காணிப்போடு பூசுவது வேறு, வீட்டில் டியூப் வாங்கிப் பூசுவது வேறு. பென்டாக்சிஃபிலினும் வைட்டமின் ஈ-யும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த 2004 பிரிட்டிஷ் ஆய்வில் பலன் இல்லை என்பதையும் சொல்லிவைத்தேன், அடுத்த செய்தி அதுவாக இருக்கலாம் என்பதால்.

நான் வேறு மாதிரி செய்திருக்க வேண்டியவை

முதல் நாளே மாத்திரைப் பையைக் கேட்டிருக்க வேண்டும். அம்லோடிபின் அப்போதே இருந்தது. நான் பிரஷர் என்று எழுதினேன், மருந்தின் பெயரை எழுதவில்லை. ஒன்பது மாதம் போனது.

அடுத்தது ஸ்லீவ். அக்குள் கணுக்களை எடுத்தவர்களுக்கு வீக்கம் வருமுன்பே ஸ்லீவ் போட்ட ஆஸ்திரேலிய ஆய்வு 2022-இல் வெளியானது. ஒரு வருடத்தில் கை கன அளவின்படி வீங்கியவர்கள் ஸ்லீவ் போட்ட குழுவில் 14 சதவீதம், போடாத குழுவில் 25 சதவீதம். எங்கள் நடைமுறை அதற்குள் மாறியிருக்கவில்லை. இவரைப் போல் பருமனும் கரண்ட் சிகிச்சையும் உறுதியாக உள்ளவருக்கு அறுவைப் புண் ஆறியதுமே, ஜூலை மழையிலேயே தொடங்கியிருக்கலாம். உடம்பு பழகிய பிறகு மே மாதத்தைச் சந்தித்திருப்பார். மார்ச்சில் தொடங்கி நேரே வெயிலுக்குள் அனுப்பினேன்.

மூன்றாவது, அமாக்சிசிலின் அட்டையை முதல் தாக்குதலுக்கு முன்பே கொடுத்திருக்க முடியுமா என்பது. ஆன்டிபயாடிக்கை எல்லார் வீட்டிலும் வைப்பது சரியல்ல, அது வேறு ஆபத்து. ஆனால் தினமும் அடுப்பில் நிற்கும் ஒருவருக்கு, குளிர் வந்தால் எந்த வாசலுக்கு ஓட வேண்டும் என்பதையாவது எழுதி, கூடவே ஒரு போன் நம்பரையும் கொடுத்திருக்க வேண்டும். அன்றிரவு அவர் போன கிளினிக் அவருக்குத் தெரிந்த ஒரே வாசல்.

ஊசி போடாதே, பிரஷர் பார்க்காதே, விமானத்தில் ஏறாதே என்ற பழைய பயமுறுத்தல்களை நான் இவருக்குச் சொல்லவில்லை. 2016-இல் 600-க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில் அவற்றால் கை வீங்கியதாகத் தெரியவில்லை. குடம் தூக்குவதையும் அடியோடு தடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டும் பயிற்சி கையைக் கெடுப்பதில்லை, காக்கவே செய்கிறது என்று 2009, 2010 அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கினார். இப்போது மாவுப் பாத்திரம்.

கடைசி அளவு

2024 ஜூன். அறுவையாகி இரண்டு வருடம். எடை 68 கிலோ. வலது 2395, இடது 2265, மாற்றம் 3.2 சதவீதத்திலேயே நிற்கிறது. ஸ்லீவ் காலை 8 முதல் இரவு 8. முழங்கை வரை வரும் தடிமனான கையுறை போட்டுக்கொண்டுதான் கொப்பரை மூடியைத் திறக்கிறார். மகன் தேடி வாங்கிக் கொடுத்தது. டெல்மிசார்டன், புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை மாத்திரை லெட்ரோசோல், கால்சியம் மாத்திரை தவிர பையில் வேறு எதுவும் இல்லை. அமாக்சிசிலின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். காலாவதித் தேதி ஆகஸ்ட். புதிதாக ஒன்று எழுதித் தரச் சொல்லி, டாக்டர் அறைக்கு அனுப்பினேன்.